உப்புப் பார்க்காத குழம்பு

வான்கோழியை இரண்டு கையாலும் தூக்கிப் பெரிய பீங்கானில் வைத்தேன். போறணை அடுப்பின் தட்டில் மிஞ்சிக் கிடந்தது அது விட்ட கொழுப்பும் சாறும். நடுவில் பொன் நிறத்தில் நெய். ஓரமெல்லாம் மண்ணிறமாக, சில இடத்தில் கறுப்பாக, சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. அப்போதும் அது சிடுசிடுத்துக்கொண்டுதான் இருந்தது.

எங்கள் அடுப்படியில் அதற்கு ஒரே பெயர்தான்: அடிப்பிடித்தது. தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவவேண்டிய சாமான். அந்த வீட்டிலோ அன்றைக்கு எல்லாரும் காத்திருந்தது அந்த அடிப்பிடித்ததற்காகத்தான்.

"பாவ்லா, அதைக் கழுவிப்போடாதை. வான்கோழியை விட அதுதான் முக்கியம்" என்று வீட்டுக்காரி சிஞ்ஞோரா காலையிலிருந்து நாலு தரம் வந்து சொல்லிவிட்டார்.

பாவ்லா நான்தான். பவளராணி என்ற பெயர் இத்தாலியின் பலெர்மோவில் ஒரு வாய்க்குள்ளும் அடங்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சிஞ்ஞோரா அதை வெட்டிச் சுருக்கிவிட்டார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பேசாமல் இருப்பதில் எனக்கு அப்போதே நல்ல பழக்கம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. லிபெர்த்தா வீதியில் நாலாம் மாடி வீடு. நத்தார், கிறிஸ்மஸ் பகல். என் ஏப்ரன் பைக்குள் நாலாக மடித்த ஒரு கடதாசி இருந்தது. குனியும்போதெல்லாம் அது வயிற்றில் குத்தியது.

அந்த நாளை எழுதாமல் தப்பிக்கலாம் என்று இத்தனை வாரமும் இந்தப் பத்திரிகையில் சுற்றி வளைத்து வேறு கதை சொன்னேன். சந்தைக் கதை, முதல் குளிர்காலத்துக் கதை, ஒரேத்தோ வீதியில் ஒரே அறையில் ஏழு பேர் படுத்த கதை. வாசித்தவர்கள் சிரித்தோம் என்று எழுதினீர்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஒரு கையெழுத்து

என் மகள் வதனி அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் என் தங்கச்சியோடு இருந்தாள். நான் அவளை விட்டுவிட்டு வந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தகப்பன் இல்லாத பிள்ளை. "அம்மா போய் உன்னைக் கூப்பிடுறன்" என்று நான் சொன்ன ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் ஐந்தரை வருசம் இருந்தாள்.

பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி கையில் உள்ள தாய் தன் பிள்ளையை இத்தாலிக்குக் கூப்பிடலாம். பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்திருக்கக் கூடாது. அந்த வருசம்தான் எனக்குப் பெர்மெஸ்ஸோ சரியாகக் கிடைத்தது. வதனியின் பிறப்புச் சான்றிதழ் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சேர எட்டு மாதம். மற்றதெல்லாம் ஓடியோடிச் சேர்த்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. நான் சிஞ்ஞோராவின் வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறவள். ஆகவே மகளும் என் அறையில் தங்கலாம் என்று வீட்டுக்காரி கையெழுத்துப் போடவேண்டும். ஏப்ரன் பைக்குள் இருந்தது அந்தக் கடதாசி. வதனிக்குப் பதினெட்டு முடிய அன்றைக்குப் பதினொரு நாள் இருந்தது.

அப்படியானால் கேட்கவேண்டியதுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய உதவி கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போக மாட்டோம். ஒரு சீப்பு வாழைப்பழமாவது கொண்டுபோவோம். முதலில் அவர்களுடைய மனம் குளிரவேண்டும். அதன் பிறகுதான் வந்த அலுவலுக்கு வாய் திறப்போம்.

நாலாம் மாடியில் எல்லாம் வைத்திருக்கிற மனிசிக்கு நான் எதைக் கொண்டுபோவது? என் கையில் இருந்தது சமையல் மட்டும். நத்தார்ச் சாப்பாடு நன்றாக அமையட்டும், எல்லாரும் வயிறு நிறைந்து சிரிக்கிற நேரம் பார்த்துக் கேட்போம் என்று நாள் குறித்துவிட்டேன். அந்தக் குழம்புதான் என் வாழைப்பழச் சீப்பு.

நான்சியின் வாளி

சிஞ்ஞோராவின் மகன் மார்க்கோ அமெரிக்காவில் படித்து அங்கேயே கல்யாணம் செய்தவன். மனைவி நான்சி. அந்த நத்தாருக்குத்தான் முதல் முறை இருவரும் வந்தார்கள். நான்சி மூன்று மாதக் கர்ப்பம். இறைச்சி மணம் பட்டாலே குமட்டல். அதற்கு மேல், அந்த வருசம்தான் அவளுடைய தாய் செத்துப்போயிருந்தாள்.

நத்தாருக்கு என்ன வேண்டும் என்று சிஞ்ஞோரா கேட்டார். அம்மா செய்கிற வான்கோழிக் கிரேவி வேண்டும் என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. இறைச்சி மணக்கக் கூடாத பிள்ளைக்கு இறைச்சிக் குழம்பில் ஆசை. கர்ப்பிணிகளின் நாக்கை ஆர் கண்டது.

முதல் நாள் அவளே மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வேலை செய்தாள். பெரிய வாளியில் தண்ணீர் பிடித்து, ஒரு பெட்டி உப்பை அப்படியே கொட்டிக் கலக்கி, வான்கோழியை அதற்குள் அமுக்கி, பல்கனிக் குளிரில் வைத்தாள். விடியும்வரை ஊறவேண்டுமாம்.

பிறகு குசினி வாசலில் நின்றபடி கிரேவி, இத்தாலியனில் சுகோ, செய்கிற விதத்தைச் சொன்னாள். மார்க்கோ கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் இத்தாலியனில் எழுதித் தந்தான். தட்டில் இறங்கிய சாற்றை ஊற்றி வை, கொழுப்பு மேலே வரும். அதில் இரண்டு கரண்டி எடுத்துக் கோதுமை மாவை வறு. தட்டை அடுப்பில் வைத்து, கொஞ்சம் வெள்ளை வைன் விட்டு, ஒட்டியிருப்பதை மர அகப்பையால் சுரண்டு. கழுத்தும் ஈரலும் அவித்த தண்ணீரைச் சேர். கட்டிபடாமல் கிண்டி வற்றவிடு. வடி. கடைசி வரி: உப்பு ஒரு கரண்டி, ருசி பார்த்துப் போடவும்.

அந்தக் கடைசிச் சொல்லைக் கவனிக்காமல் விட்டேன் என்று சொல்ல முடியாது. கவனித்தேன். கவனித்துவிட்டுத் தாளை மடித்து வைத்தேன்.

இருபத்தோரு இழை

அது பெருங்கதை விரத காலம். கார்த்திகை கழிந்து பிள்ளையாருக்குப் பிடிக்கிற விரதம். இருபத்தொரு நாள். இருபத்தோரு இழை நூலில் காப்பு முறுக்கி இடது கையில் கட்டிக்கொண்டு, ஒரு நேரம் மட்டும் மரக்கறிச் சோறு. வதனி வந்து சேரவேண்டும் என்று வேண்டித்தான் அந்த வருசம் பிடித்தேன். நத்தாரன்று விரதம் முடிய இன்னும் மூன்று நாள் மிச்சம் இருந்தது.

வயிற்றுப்பாட்டுக்காக இறைச்சியைத் தொட்டுச் சமைப்பேன். பிள்ளையார் அதைப் பெரிதாக எடுக்க மாட்டார் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லியிருந்தேன். ஆனால் நாக்கில் வைக்க மாட்டேன். ஒரு துளியும்.

இரண்டாம் மாடியில் வேலை செய்த ஜெசிந்தா மன்னார்ப் பிள்ளை. நத்தார்ப் பூசைக்குப் போகிற வழியில் படியேறி வந்து கதவைத் தட்டினாள்.

"பவளக்கா, பூசை முடிய வந்து ஒருக்கா உப்புப் பாத்துவிட்டுப் போறனே. நீங்கள் விரதமெல்லே."

"வேண்டாம் பிள்ளை. எனக்கு மணத்திலையே தெரியும். நீ போய் ஆறுதலாக் கும்பிட்டுட்டு வா."

இதுதான் என் திமிர். கோயில் பொங்கலை ஒருவரும் ருசி பார்த்து இறக்குவதில்லை. சாமிக்குப் படைக்கும்வரை நாக்குப் படக்கூடாது. அப்படிப் பொங்கிப் பழகிய கை என்று எனக்கொரு பெருமை. ஆவியை முகர்ந்தே உப்புக் காணாது, இன்னும் வேணும் என்று சொல்லுவேன், சனம் வாயைப் பிளக்கும். அது அரிசியும் பயறும். முன்பின் கண்டறியாத பறவையின் சாற்றுக்கும் அதே மூக்குக் காணும் என்று நினைத்தேன் பாருங்கள், என்னை எதால் அடிப்பது.

இன்னொரு பிழையும் விட்டேன். எங்கள் வீட்டில் எதையாவது தண்ணீரில் ஊறப்போட்டால் அது உப்பை எடுப்பதற்குத்தான். கருவாடு அப்படித்தான் ஊறும். வாளியிலிருந்து எடுத்த வான்கோழியை மூன்று தண்ணீரில் அலசி, எங்கள் வழக்கப்படி தேசிக்காய்ப் புளியும் தடவிக் கழுவி வைத்தேன். பிடித்த உப்பெல்லாம் போய்விட்டது, இனி நான்தான் போடவேண்டும் என்று திடமாக நம்பினேன். உப்பு விடிய விடிய உள்ளே இறங்கியிருந்ததும், போறணைச் சூட்டில் அது சாறோடு சேர்ந்து வெளியே வழிந்ததும், அந்தச் சாறு தட்டில் வற்றி வற்றிக் கறுத்ததும் என் மூளைக்கு எட்டவில்லை.

பகல் ஒரு மணி

செய்முறையில் ஒரு பிழையும் விடவில்லை. வைன் பட்டதும் தட்டு சீறியது. ஒட்டியிருந்ததெல்லாம் அகப்பைக்கு உரிந்து வந்தது. மாவைக் கொழுப்பில் விசுக்கோத்து நிறம் வரும்வரை வறுத்தேன். அவித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டினேன். கட்டியே இல்லை. அகப்பையின் முதுகில் கோடு போட்டால் கோடு நின்றது. முகர்ந்து பார்த்தேன். உப்புக் காணாது போலத்தான் இருந்தது. ஒரு கரண்டி குவித்துப் போட்டேன். வடித்து, மூக்கு வைத்த வெள்ளைப் பீங்கானில் ஊற்றினேன்.

நிறம் என்றால் அப்படி ஒரு நிறம். சிஞ்ஞோரா எட்டிப் பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். "பிராவா, பாவ்லா" என்றார். அப்போது கேட்டிருக்கலாம். குசினியில் நாங்கள் இரண்டு பேர்தான். இன்னும் பத்து நிமிசம், சாப்பிட்டுவிட்டு இன்னும் குளிரட்டும் என்று பொறுத்தேன்.

மேசையில் மார்க்கோ இறைச்சியை வெட்டினான். நான்சி தன் துண்டின் மேல் கிரேவியை ஊற்றினாள், நிறைய. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் வைத்தாள்.

அவளுடைய முகம் மாறியதைக் கதவடியில் நின்று பார்த்தேன். முதலில் ஒன்றும் விளங்காத முகம். பிறகு சின்னப் பிள்ளை அழுவதற்கு முன் வாய் கோணுவதுபோலக் கோணியது. துணியால் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பி ஓடினாள். குளியலறைக்குள் அவள் சத்தியெடுப்பதும், நடுவில் அழுவதும் எல்லாருக்கும் கேட்டது. மார்க்கோ கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பின்னால் போனான்.

சிஞ்ஞோரா பீங்கானைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தார். விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார்.

"பாவ்லா, நீ இதை வாயிலை வைச்சுப் பாக்கேல்லையா?"

"இல்லை, சிஞ்ஞோரா."

"ஏன்?"

என் இத்தாலியன் சந்தைக்கும் வீடு கூட்டவும் காணும். பிள்ளையாரை அதில் எப்படிச் சொல்வது? இடது கையை நீட்டி நூலைக் காட்டினேன். அவர் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. குழம்பைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, "சரி, போகட்டும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

எனக்கு அந்தப் "போகட்டும்" என்னையே போகச் சொன்ன மாதிரிக் கேட்டது.

கதவடியில்

மறுநாள் ஜெசிந்தா படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டனீங்களே அக்கா?"

"இல்லை."

"ஐயோ, நாளைக்கு அவை ரோமாவுக்கு வெளிக்கிடீனமெல்லே. திரும்பி வர ஜனவரி ஆறு தாண்டிப் போகும். இண்டைக்கே கேளுங்கோ."

"அந்தப் பிள்ளையை அழப்பண்ணிப்போட்டு என்ன முகத்தோடை போய்க் கேக்கிறது?"

"இருக்கிற முகத்தோடை கேளுங்கோ அக்கா. வேறை முகத்துக்கு எங்கை போறது?"

அவளுக்கு இருபத்துநாலு வயது. என்னிலும் பார்க்கப் புத்தி கூட.

அடுத்த நாள் காலை எல்லாரும் கோட்டுப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார்கள். நான்சி என்னைக் கட்டிப்பிடித்து ஏதோ சொன்னாள். அவளுக்கு என்னில் கோபம் இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கவேண்டும். தெரிந்தது. ஆனாலும் என் வாய் திறக்கவில்லை. சிஞ்ஞோரா கையுறையை மாட்டிக்கொண்டு, "பூச்செடிக்குத் தண்ணி விடு. உனக்கு ஏதும் வேணுமா, பாவ்லா?" என்று கேட்டார்.

அவராகவே கேட்டார். அதை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. ஏப்ரன் பைக்குள் கையை விட்டேன். விரலில் கடதாசி பட்டது.

"ஒண்டும் வேண்டாம், சிஞ்ஞோரா."

லிஃப்ட் இறங்குகிற சத்தம் அடங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு உள்ளே போய் அந்தப் போறணைத் தட்டை எடுத்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்ததை, திரும்பவும் தேய்த்தேன். விரல் தோல் உரியும்வரை தேய்த்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வதனியின் பிறந்தநாளன்று நான் மட்டும் அந்தப் பெரிய வீட்டில் இருந்தேன். பால் காய்ச்சிப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தேன். எதற்கு வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

எந்தச் சுகோ?

சிஞ்ஞோரா வந்து பெட்டியைக் கீழே வைத்த உடனேயே கடதாசியை நீட்டினேன். இழக்க ஒன்றும் இல்லாதபோது வாய் தானாகத் திறக்கிறது. கோட்டைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே வாசித்தார். கைப்பையில் பேனை தேடினார். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனை தேடியதோடு சேர்த்து ஒரு நிமிசம் வரும்.

"உனக்கு ஒரு மகள் இருக்கிறாள் எண்டு தெரியும். கூப்பிடப்போறாய் எண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை? அந்த அறையிலை இன்னொரு கட்டில் போடலாமே."

பிறகுதான் பிறந்த திகதியைப் பார்த்தார். விரலால் எண்ணினார். முகம் வெளிறியது.

"பாவ்லா, நாங்கள் போகமுன்னம் ஏன் கேக்கேல்லை?"

"நத்தாருக்குக் கேக்க இருந்தன். சுகோ பழுதாப் போச்சு. உங்களுக்குக் கோபம் எண்டு நினைச்சன்."

"சுகோவா? எந்தச் சுகோ?"

நடிக்கவில்லை. உண்மையாகவே அவருக்கு நினைவில் இல்லை. நான் நூலைக் காட்டியதும், அவர் தொட்டியில் ஊற்றியதும், எதுவுமே. நான் இரண்டு கிழமையாகச் சோறு இறங்காமல் இருந்தது அவர் மறந்துபோன ஒரு சாப்பாட்டுக்காக.

ஆனாலும் குவெஸ்தூராவுக்கு என்னோடு வந்தார். பொலிஸ் கந்தோரின் அந்த வரிசையில் எங்கள் ஆட்களோடு இரண்டு மணித்தியாலம் நின்றார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பிறந்த திகதியில் விரலை வைத்துத் தலையாட்டினார். சிஞ்ஞோரா சத்தம் போட்டார், கெஞ்சினார். அவர் மறுபடியும் தலையாட்டினார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதது சிஞ்ஞோராதான். எனக்கு வரவில்லை.

நான் சொன்ன பொய்

வியாழன் பின்னேரம் எனக்கு ஓய்வு. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசிக் கடையில் நின்று வெள்ளவத்தைக்கு எடுத்தேன்.

"அம்மா, என்ன மாதிரி? அந்த மனிசி சைன் வைச்சவவோ?"

நான் கேட்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கடவுள் சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

"அவ மாட்டன் எண்டுட்டா, பிள்ளை."

 "பரவாயில்லை அம்மா. நீங்கள் அழாதேங்கோ" என்றாள். பதினெட்டு வயதும் ஒரு கிழமையும் ஆன பிள்ளை எனக்கு ஆறுதல் சொன்னாள்.

பிறகு அவள் களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டாள். கனடாவுக்குப் போய்ச் சேர நாலு வருசம் எடுத்தது. எந்தெந்த நாட்டில், யாருடைய அறைகளில் அந்த நாலு வருசம் போனது என்று நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. இப்போதும் கதவை யாராவது பலமாகத் தட்டினால் அவள் சுவரோடு ஒட்டி நிற்கிறாள் என்று மருமகன் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சிஞ்ஞோரா போன மாதம் செத்துப்போனார். தொண்ணூறு தாண்டிவிட்டார். வேலையை விட்டுப் பல வருசமாகியும் நான் போனேன். பெட்டியின் மேல் பூ வைத்தேன். அதைத் தொலைபேசியில் சொன்னபோது வதனியின் குரல் அப்படியே மாறிவிட்டது.

"அந்த மனிசிக்கு நீங்கள் ஏனம்மா பூக் கொண்டுபோனனீங்கள்? ஒரு கையெழுத்து. ஒரே ஒரு கையெழுத்து. அவ அதை வைச்சிருந்தால் நான் இப்பிடியோ இருந்திருப்பன்?"

அவள் போனை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து எடுக்கவில்லை. ஆனால் அம்மா எழுதுவது என்று இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாசிக்கிறாளாம், மருமகன் சொன்னார். உன்னிடம் நேரே சொல்ல இத்தனை வருசத்தில் எனக்குத் தைரியம் வரவில்லை, வதனி. அதனால் ஊரறிய எழுதுகிறேன்.

அவ ஒருநாளும் மாட்டன் எண்டு சொல்லேல்லை, பிள்ளை. நான்தான் கேக்கேல்லை.